சுறாவின் உடலளவும் துடுப்பின் கணக்கும்



2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹாங்காங் சுங்கத் துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஈக்வடார் நாட்டிலிருந்து வந்த இரண்டு கன்டெய்னர்களில் 26 டன் காய்ந்த சுறாத் துடுப்பு பிடிபட்டிருந்தது. பெரும்பாலும் நீள்வால் சுறாவும் பட்டுச் சுறாவும். செய்தியோடு இன்னோர் எண்ணும் வந்தது: இவை ஏறத்தாழ 38,500 சுறாக்களின் துடுப்புகள். அந்தச் சுறாக்களை ஹாங்காங்கில் யாரும் பார்க்கவில்லை. உடல்கள் பசிபிக் கடலின் மறுகரையிலேயே விற்றுப் போயிருக்கும், அல்லது கடலில் வீசப்பட்டிருக்கும். கையில் இருந்தது மூட்டை மூட்டையாகக் காய்ந்த துடுப்பு மட்டும். 26,000 கிலோவை 38,500-ஆல் வகுத்தால் ஒரு சுறாவுக்கு முக்கால் கிலோவுக்கும் குறைவு வருகிறது. ஒரு சுறாவின் துடுப்புகள் காய்ந்தபின் எவ்வளவு எடை இருக்கும் என்று யாரோ எங்கோ அளந்து வைத்திருந்தால்தான் இப்படி ஓர் எண்ணைச் சொல்ல முடியும். இன்று நான் பேச வந்தது அந்த அளவைப் பற்றி. துடுப்பு வணிகத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் இயற்றிய விதிகள் பலவும் தடுமாறியதற்குக் காரணம், சுறாவின் உடலைச் சரியாக அளக்காமல் சட்டத்தை எழுதியதுதான் என்பது என் கட்சி. சரியாக அளந்தால் அதே அளவு நல்ல ஆயுதமாகும் என்பது அதன் மறுபாதி.

முதலில் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆழ்கடலில் சூரைக்கும் வாள்மீனுக்கும் ஆயிரங்கால் தூண்டில் விடும் கப்பலுக்குச் சுறா ஒரு தொந்தரவு. அதன் இறைச்சியில் யூரியா அதிகம். உடனே பதப்படுத்தாவிட்டால் அம்மோனியா நெடி அடிக்கும். கப்பலின் குளிர்அறையில் இடம் பிடிக்கும், விலையோ குறைவு. துடுப்பு அப்படியல்ல. வெட்டிக் காயப்போட்டால் எடை பாதிக்கும் கீழே இறங்கும், கெடாது, மூலையில் அடுக்கி வைக்கலாம், விலையும் பல மடங்கு. ஆகவே துடுப்பை அறுத்துக்கொண்டு, சில வேளை உயிரோடிருக்கும்போதே, உடலைக் கடலில் தள்ளிவிடும் பழக்கம் பரவியது. இதைத் தடுக்க வேண்டும் என்று 1990-களில் குரல் எழுந்தபோது அதிகாரிகளுக்கு நடைமுறைச் சிக்கல் ஒன்று வந்தது. துறைமுகத்துக்கு வரும் கப்பலில் துடுப்பு ஒரு பக்கம் மூட்டையில் இருக்கிறது, தலையும் குடலும் நீக்கிய உடல்கள் வேறு பக்கம் பனிக்கட்டியில் இருக்கின்றன. எந்தத் துடுப்பு எந்த உடலுக்குரியது என்று எப்படிச் சொல்வது? தராசுதான் வழி என்று முடிவு செய்தார்கள். துடுப்பின் மொத்த எடை, உடல்களின் மொத்த எடையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மீதி உடல்கள் கடலில் கிடக்கின்றன என்று பொருள்.

1993-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் கடல் சுறா மேலாண்மைத் திட்டத்தில் இந்த 5 சதவீதம் இடம்பெற்றது. 2000-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தடைச் சட்டம் அதை நாடு முழுமைக்கும் கொண்டுபோனது. 2003-இல் ஐரோப்பிய ஒன்றியம் எடுத்துக்கொண்டது. 2004-இல் அட்லாண்டிக் சூரை மீன்வள ஆணையமும் 2005-இல் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையமும் பின்தொடர்ந்தன. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரே எண் பாதி உலகின் சட்டமாகிவிட்டது. எண் சின்னது, நினைவில் நிற்பது, தராசு எல்லாத் துறைமுகத்திலும் இருப்பது. அதிகாரிகளுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

ஆனால் எதில் 5 சதவீதம்? அமெரிக்கச் சட்டம் தலையும் குடலும் நீக்கிய உடலின் எடையைச் சொன்னது. ஐரோப்பியச் சட்டம் முழுச் சுறாவின் எடையைச் சொன்னது. தலை, குடல், ஈரல், வால் எல்லாம் போனபின் சுறாவில் எஞ்சுவது ஏறக்குறையப் பாதி. ஆகவே ஒரே எண், அட்லாண்டிக்கின் மேற்குக் கரையில் ஒரு பொருளும் கிழக்குக் கரையில் இரு மடங்குப் பொருளும் தந்தது. இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சுத்தம் செய்த சுறா உடல் 10 டன் கப்பலில் இருக்கிறது. அந்த இனத்தில் சுத்தம் செய்த உடலுக்குத் துடுப்பின் உண்மையான விகிதம் இரண்டரை சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் நேர்மையாக இருக்க வேண்டிய துடுப்பு 250 கிலோ. அமெரிக்க விதி 500 கிலோ வரை விடுகிறது. கொண்டுவந்த ஒவ்வொரு சுறாவுக்கும் இன்னொரு சுறாவைத் துடுப்பறுத்துக் கடலில் எறியச் சட்டமே இடம் வைத்திருக்கிறது. அதே 10 டன், முழு உடலாக 20 டன் என்று கணக்காகும் ஐரோப்பிய விதியில் 1,000 கிலோவுக்கு அனுமதி. ஒன்றைக் கரைக்குக் கொண்டுவந்து மூன்றை எறியலாம். துடுப்பறுப்பைத் தடுக்க வந்த விதி, எத்தனை அறுக்கலாம் என்பதற்கு ஒரு பங்கீட்டு அட்டையாக மாறியது.

இரண்டரை என்று நான் மனம்போன போக்கில் சொல்லவில்லை. என்ரிக் கோர்ட்டஸும் ஜூலி நீரும் 2006-இல் அமெரிக்கக் கடலின் இனங்களை எடுத்து அளந்தபோது, ஈரத் துடுப்புக்கும் சுத்தம் செய்த உடலுக்கும் உள்ள விகிதம் இனத்துக்கு இனம் ஏறக்குறைய இரண்டரையிலிருந்து ஐந்தைச் சற்றே தாண்டும் அளவுவரை பரவியிருந்தது. 2012-இல் லியா பீரியும் டேனியல் பாலியும் உலகம் முழுவதிலிருந்தும் கிடைத்த அளவுகளைத் தொகுத்தபோது, முழு உடல் எடைக்குத் துடுப்பின் சராசரி சுமார் 3 சதவீதம்தான் என்று வந்தது. சில இனங்களில் ஒரு சதவீதத்தை ஒட்டி, வேறு சிலவற்றில் பத்தைத் தொட்டு. இத்தனை அகன்ற வீச்சுக்கு நடுவே ஒற்றை எண்ணை நட்டால் அது யாருக்கும் பொருந்தாது. வேடிக்கை என்னவென்றால் மறுதிசையிலும் அது தவறுகிறது. ஸ்பானியக் கப்பல்கள் பிடிக்கும் நீலச் சுறாவில் துடுப்பு, முழு எடையில் 6 சதவீதத்தைத் தாண்டுகிறது. காரணம் இரண்டு. நீலச் சுறா ஒல்லி உடலும் நீண்ட மார்புத் துடுப்பும் கொண்டது. அத்தோடு, மற்றவர்கள் வாலின் கீழ்மடலை மட்டும் அறுத்து எடுக்க, அந்தக் கப்பல்கள் வாலை முழுதாகவே வெட்டி எடுத்தன. ஒரு சுறாவையும் எறியாத நேர்மையான மீனவரும் இந்த விதியில் குற்றவாளி ஆவார்.

உடலின் வடிவம் எவ்வளவு வேறுபடும் என்பதற்கு ஒரே ஓர் இணையைப் பார்த்தால் போதும். 1995-இல் நான்சி கோலரும் கூட்டாளிகளும் மேற்கு அட்லாண்டிக்கின் 13 சுறா இனங்களுக்கு நீளத்துக்கும் எடைக்கும் உள்ள உறவை வெளியிட்டார்கள். அந்தச் சமன்பாட்டில் மூக்கு நுனியிலிருந்து வால் கவை வரை ஒன்றரை மீட்டர் நீளமுள்ள நீலச் சுறாவைப் போட்டால் 21 கிலோ வருகிறது. அதே ஒன்றரை மீட்டருக்குச் சாண்ட்பார் சுறா 39 கிலோ. நீளம் ஒன்று, எடை ஏறக்குறைய இரட்டிப்பு. துடுப்போ எடைக்கு ஏற்ப வளர்வதில்லை, நீளத்துக்கும் நீந்தும் முறைக்கும் ஏற்ப வளர்கிறது. கடற்கரை ஓரத்துப் பருத்த சுறாவுக்கும் நடுக்கடலில் மிதந்து திரியும் ஒல்லிச் சுறாவுக்கும் ஒரே விகிதம் கேட்டது இயற்கையின் பிழையல்ல, சட்டம் எழுதியவரின் சோம்பல்.

இந்தத் தராசுக் காலத்தின் உச்சமான சம்பவம் கிங் டயமண்ட்-2 என்ற கப்பலுடையது. 2002-இல் பசிபிக்கில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை அதை மறித்தபோது உள்ளே சுமார் 29 டன் சுறாத் துடுப்பு இருந்தது. ஒரு சுறா உடல்கூட இல்லை. விகிதம் என்று பார்த்தால் முடிவிலி. ஆனால் அந்தக் கப்பல் தானாக மீன் பிடிக்கவில்லை, மற்றக் கப்பல்களிடமிருந்து நடுக்கடலில் துடுப்பை வாங்கி வந்தது. அது சட்டத்தின் பொருளில் மீன்பிடிக் கப்பலே அல்ல என்று 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஓட்டையை அடைத்ததும், துடுப்பு உடலோடு ஒட்டியபடியே கரைக்கு வர வேண்டும் என்று கட்டாயமாக்கியதும் 2010-ஆம் ஆண்டின் புதிய சட்டம். ஐரோப்பா 2013-இல் அதே வழிக்கு வந்தது. இந்தியாவும் 2013 ஆகஸ்டில் அதையே கொள்கையாக அறிவித்தது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். துடுப்பு உடலோடு வந்துவிட்டால் விகிதமும் வேண்டாம், அளவுகோலும் வேண்டாம், கதை முடிந்ததே? துடுப்பை ஒட்டியே கொண்டுவா என்ற விதி இதுவரை வந்தவற்றில் சிறந்தது என்பதை நான் மறுக்கவில்லை. என்றாலும் கதை முடியவில்லை. கோஸ்டா ரிகாவில் 2011-இல் ஒரு தைவானியக் கப்பல் என்ன செய்தது என்று பாருங்கள். சுறாவின் சதையை எல்லாம் அறுத்து எறிந்துவிட்டு, முதுகெலும்பும் ஒரு பட்டைத் தோலும் மட்டும் விட்டு, அதில் துடுப்புகள் இயற்கையாக ஒட்டிக்கொண்டிருக்கும்படி கரைக்குக் கொண்டுவந்தது. சட்டத்தின் சொல் காப்பாற்றப்பட்டது. இந்தத் தந்திரத்தைப் பிடிக்க மரபணுச் சோதனை வேண்டாம். இவ்வளவு நீளமுள்ள இந்த இனத்துச் சுறா இத்தனை கிலோ இருக்க வேண்டும் என்ற அட்டவணை கையில் இருந்து, கப்பலில் இருப்பதை நிறுத்துப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை. அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. துடுப்பு உடலோடு வருவது துறைமுகம் வரைதான். அதன்பின் அது அறுக்கப்பட்டு, காய்ந்து, தரம் பிரிந்து, மூட்டையாகி நாடு விட்டு நாடு போகிறது. அங்கே மறுபடியும் ஹாங்காங் அதிகாரியின் நிலைதான்: உடல் இல்லாத துடுப்பு.

அந்த உடல் இல்லாத துடுப்பிலிருந்து உடலை மீட்டெடுத்த முயற்சி ஒன்று இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. 2006-இல் ஷெல்லி கிளார்க்கும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு அது. அன்றைய உலகத் துடுப்பு வணிகத்தில் ஏறக்குறையப் பாதி ஹாங்காங் வழியாகப் போனது. வியாபாரிகளின் ஏல விவரங்கள் அவர்களுக்குக் கிடைத்தன: எந்த வகைத் துடுப்பு, எந்த அளவுப் பிரிவு, எவ்வளவு எடை. துடுப்பின் அளவிலிருந்து சுறாவின் நீளத்தையும், நீளத்திலிருந்து எடையையும் சமன்பாடுகளால் கணக்கிட்டு, எண்ணிக்கைக்கு வந்தார்கள். இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஒரு சுறாவில் விலையுள்ள துடுப்புகள் நான்கு: முதல் முதுகுத் துடுப்பு ஒன்று, மார்புத் துடுப்பு இரண்டு, வாலின் கீழ்மடல் ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் ஒரே சுறா நாலு தரம் கணக்கில் ஏறும். ஆகவே ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே கணக்குப் போட்டு ஒப்பிட்டார்கள். வந்த விடை: ஆண்டுக்கு 2.6 கோடி முதல் 7.3 கோடி சுறாக்கள், நடு மதிப்பு 3.8 கோடி. எடையில் சொன்னால், ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் பிடிப்புக் கணக்கிலிருந்து பெறப்பட்டதைப் போல மூன்று நான்கு மடங்கு. நாடுகள் எழுதிக் கொடுத்த புள்ளிவிவரத்தை, சந்தையில் கிடந்த துடுப்பின் அளவு பொய்யாக்கியது. வணிகத்தைக் கண்காணிப்பதில் உடல் அளவு செய்யக்கூடியது என்ன என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அளவு எண்ணிக்கையை மட்டும் தருவதில்லை, இனத்தையும் காட்டும். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மாநாடு 2013-இல் பாங்காக்கில் கூடி, மூன்று வகைக் கொம்பன் சுறாக்களையும் பெருங்கடல் வெண்முனைச் சுறாவையும் போர்பீகிள் சுறாவையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தபோது, சுங்க அலுவலர்களுக்காக டெமியன் சாப்மன், டெப்ரா ஏபர்குரோம்பி போன்றோர் ஒரு கையேடு தயாரித்தார்கள். அதில் உள்ள முறையைச் சொல்கிறேன். மூட்டையைக் கொட்டியதும் முதல் முதுகுத் துடுப்பை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். மார்புத் துடுப்பு என்றால் மேற்புறம் கறுத்தும் அடிப்புறம் வெளுத்தும் இருக்கும். முதுகுத் துடுப்பு இரு புறமும் ஒரே நிறம். வாலின் கீழ்மடல் என்றால் அறுத்த இடம் பஞ்சுபோல மஞ்சளாக இருக்கும். முதுகுத் துடுப்பின் அறுத்த இடத்தில் குருத்தெலும்புக் கட்டைகள் அடி நெடுக வரிசையாகத் தெரியும். இப்படிப் பிரித்தபின் துடுப்பின் முன்விளிம்பு உடலில் தொடங்கும் இடத்திலிருந்து நுனி வரை நாடாவால் அளக்க வேண்டும். அந்த நீளத்தின் சரிபாதியில் துடுப்பின் அகலத்தை அளக்க வேண்டும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 2.5 அல்லது அதற்கு மேல் வருகிறதா? அப்படியானால் கொம்பன் சுறா என்று சந்தேகிக்கலாம். உழுவை மீனின் துடுப்பும் இப்படி உயரமாக இருக்கக்கூடும் என்பதால் நிறத்தையும் அடிப்பகுதியின் அமைப்பையும் பார்த்து அதை விலக்க வேண்டும். வேலைக்குத் தேவை தையற்காரர் நாடா ஒன்று. துடுப்பு காய்ந்து சுருங்கினாலும் நீளமும் அகலமும் சேர்ந்தே சுருங்குவதால், எடையைப் போல இந்த விகிதம் ஆட்டம் காட்டுவதில்லை. வடிவத்தைக் கொண்டு இனம் பிரிப்பது நம்பத்தக்கதா என்று ஐயப்படுவோருக்கு, ஹாங்காங் வியாபாரிகளே பதில். அவர்கள் தலைமுறைகளாகக் கண்ணாலும் கையாலும் வகை பிரித்து வந்த துடுப்புகளைப் பின்னாளில் மரபணுச் சோதனை செய்தபோது, அவர்கள் வகைகளுக்கும் உயிரியல் இனங்களுக்கும் பெரும்பாலும் நல்ல பொருத்தம் இருந்தது. வியாபாரிக்குத் தெரிந்தது அதிகாரிக்குத் தெரியக் கூடாது என்று விதி இல்லை.

மரபணுச் சோதனை வந்துவிட்ட காலத்தில் நாடாவும் கோலும் எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். துறைமுகத்திலேயே சில மணி நேரத்தில், மிகக் குறைந்த செலவில் பட்டியலில் உள்ள இனங்களைக் கண்டுபிடிக்கும் கருவிகள் வந்துவிட்டன என்பது உண்மை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும்போது அந்தச் சான்றுக்கு நிகர் எதுவும் இல்லை. ஆனால் மரபணு ஒரு கேள்விக்கு ஒருபோதும் விடை சொல்லாது: இந்தச் சுறா எவ்வளவு பெரியது? பிறந்த மாதத்துக் குட்டிக்கும் இருபது வயதுத் தாய்க்கும் மரபணு ஒன்றே. மீன்வளத்தை நிர்வகிப்பவருக்கோ அதுதான் முதற்கேள்வி. கொம்பன் சுறா வகை ஒன்று அரை மீட்டர் நீளத்தில் பிறந்து, பெண் இரண்டு மீட்டரைத் தாண்டினால்தான் குட்டி ஈனும் பருவத்தை அடைகிறது. நம் கரையில் கிடைக்கும் சில சின்னச் சுறாக்களோ வாழ்நாள் முழுதும் முக்கால் மீட்டரைத் தாண்டுவதில்லை. 60 சென்டிமீட்டர் சுறா என்றால் ஒன்று முதிர்ந்த தாய், மற்றது கைக்குழந்தை. மூட்டையில் இருப்பது பெரும்பாலும் குட்டிகளின் துடுப்பு என்றால், எங்கோ ஒரு கரையில் குட்டிகள் வளரும் ஆழமில்லாக் கடலில் வலை விழுகிறது என்று பொருள். அந்தச் செய்தியைத் துடுப்பின் நீளம் சொல்லும், மரபணு சொல்லாது. இரண்டும் சேர்ந்தால்தான் முழு விவரம்.

அளவில் பிழை வருமே என்பார்கள். வரும், தாராளமாக வரும். அறுப்பவர் நேராக அறுத்தால் சதையும் சேர்ந்து எடை கூடும், பிறை வடிவில் அறுத்தால் குறையும். ஈரப்பதம் ஊருக்கு ஊர் மாறும். எடையை நம்பிய 5 சதவீத விதி இதனால்தான் திணறியது. நீளத்திலும் பொறி உண்டு. எடை நீளத்தின் மூன்றாம் அடுக்கோடு ஏறுவதால், நீளத்தைப் பத்து சதவீதம் கூட்டி எழுதினால் எடை 33 சதவீதம் கூடிவிடும். அதைவிட மோசம், எந்த நீளம் என்று எழுதாமல் விடுவது. வால் நுனி வரை 180 சென்டிமீட்டர் உள்ள நீலச் சுறா, வால் கவை வரை அளந்தால் சுமார் 151 சென்டிமீட்டர்தான். எடை 21 கிலோ. அந்த 180-ஐக் கவை வரையிலான நீளம் என்று எண்ணிச் சமன்பாட்டில் போட்டால் 37 கிலோ என்று விடை வரும். ஆனால் இந்தப் பிழைகள் எல்லாம் தெரிந்த பிழைகள். எங்கிருந்து எதுவரை அளந்தோம் என்று எழுதி வைப்பதாலும், ஒவ்வொரு இனத்துக்கும் உள்ளூரிலேயே அளந்த சமன்பாட்டைப் பயன்படுத்துவதாலும், விடையை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் கிளார்க் சொன்னதுபோல் வீச்சாகச் சொல்வதாலும் இவற்றைக் கட்டுக்குள் வைக்கலாம். தலையும் வாலும் போன உடலிலும்கூட இரு முதுகுத் துடுப்புகள் இருந்த இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து முழு நீளத்துக்கு வர முடியும். 5 சதவீதத்தின் குற்றம் அது தோராயமானது என்பதல்ல. தோராயம் என்பதையே ஒப்புக்கொள்ளாமல் எல்லா இனத்துக்கும் எல்லாக் கடலுக்கும் துல்லியம் என்று நடித்ததுதான் குற்றம்.

இத்தனை பாடு எதற்கு, துடுப்பு வணிகத்தையே ஒட்டுமொத்தமாகத் தடை செய்துவிடலாமே என்று கேட்பவர்கள் பலர். இந்தியா அப்படித்தான் செய்தது. 2015 பிப்ரவரியில் எல்லா இனச் சுறாத் துடுப்பின் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. அமெரிக்கா 2022 டிசம்பரில் துடுப்பு விற்பனையைத் தடை செய்யும் சட்டம் இயற்றியது. தடையின் நோக்கத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் தடை வந்து மூன்றரை ஆண்டுகளுக்குப் பின், 2018 செப்டம்பரில் வருவாய்ப் புலனாய்வுத் துறை மும்பையிலும் குஜராத்தின் வேராவலிலும் சேர்த்து 8,000 கிலோ துடுப்பைப் பிடித்தது. சுறா இந்தியாவில் முதலில் உணவு. புட்டுக்கும் குழம்புக்கும் கருவாட்டுக்கும் முழு உடலும் விலை போகிறது. துடுப்பு அதன்மேல் கிடைக்கும் உபரி வருமானம். துடுப்பின் வாசலை மூடினால் சுறா பிடிபடுவது நிற்காது. உலக அளவிலும் இதையே காண்கிறோம். போரிஸ் வோர்மும் கூட்டாளிகளும் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மீன்பிடிப்பால் சாகும் சுறாக்கள் 2012-இல் ஆண்டுக்கு 7.6 கோடி, 2019-இல் 8 கோடி. இடைப்பட்ட காலத்தில் துடுப்பறுப்புக்கு எதிரான சட்டங்கள் பல மடங்கு பெருகியிருந்தன. சாவு மட்டும் குறையவில்லை. உடலை வீணாக்காதே என்று சொன்ன சட்டங்கள், எத்தனை பிடிக்கலாம் என்று சொல்லவில்லை. உடலையும் விற்றுக் காசாக்கு என்ற செய்தியே பல இடங்களில் போய்ச் சேர்ந்தது.

இனி மீனவர் பக்கத்துக்கு வருவோம். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடல் சுறா மீன்பிடிப்பில் பேர்போனவர்கள். கொச்சியைத் தளமாக வைத்துக்கொண்டு அரபிக்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தூண்டில் விடுபவர்கள். அவர்கள் முழுச் சுறாவைத்தான் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். ஏலத்தில் முழுச் சுறாதான் போகிறது. நடுக்கடலில் துடுப்பறுத்து எறிந்த அந்நியக் கப்பல்களுக்காக எழுதப்பட்ட குற்றப்பத்திரிகையில் இவர்களையும் சேர்ப்பது முறையல்ல. அளக்கும் வேலையும் இவர்கள் தலையிலா என்று கேட்டால், கேள்வி நியாயமானது. அளப்பது மீன்வளத் துறையின் வேலை, அதற்கான ஆளும் சம்பளமும் அரசு தர வேண்டியவை. கொச்சியில் தலைமையகம் கொண்ட மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்கள் கரைகளில் மாதிரி அளவுகள் எடுத்துத்தான் வருகிறார்கள். அதை விரிவாக்குவது புதிதாக ஒன்றைத் தொடங்குவது அல்ல. இதில் மீனவருக்கு ஆதாயமும் உண்டு. எந்த இனம், என்ன அளவு, எத்தனை என்ற பதிவு இல்லாத நாட்டில் அரசு எடுக்கக்கூடிய ஒரே முடிவு முழுத்தடைதான். பதிவு இருந்தால், தாங்கும் இனத்தையும் தாங்காத இனத்தையும் பிரிக்கலாம். முதிர்ந்த அளவையும் குட்டி அளவையும் பிரிக்கலாம். முழுத்தடையை எதிர்க்கும் மீனவர் சங்கங்கள் கையில் எடுக்க வேண்டிய முதல் கருவி அளவுகோல் என்றே நான் நினைக்கிறேன்.

2022 நவம்பரில் பனாமாவில் கூடிய சைட்டிஸ் மாநாட்டுக்குப் பின் இந்த வாதம் இன்னும் கூர்மையாகியிருக்கிறது. கார்க்கரினிடே குடும்பத்துச் சுறாக்கள் அனைத்தும் இரண்டாம் பட்டியலில் சேர்ந்துவிட்டன. 2023 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. சந்தைக்கு வரும் துடுப்பில் மிகப் பெரும் பங்கு இப்போது பட்டியலுக்குள். இந்த இனம் பட்டியலில் உண்டா இல்லையா என்று தேடும் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. இரண்டாம் பட்டியல் தடையல்ல, நிபந்தனை. ஏற்றுமதியால் அந்த இனத்துக்குக் கேடில்லை என்று ஏற்றுமதி செய்யும் நாடு அறிவியல் சான்றோடு தீர்மானித்துக் காட்ட வேண்டும். எத்தனை பிடித்தோம், என்ன அளவில் பிடித்தோம் என்று தெரியாத நாடு அந்தத் தீர்மானத்தை எதை வைத்து எழுதும்? இன்றைய சுங்கப் பதிவோ இனத்தையோ உடலளவையோ கேட்பதில்லை. உலகச் சுங்கப் பட்டியலில் 2012 முதல் காய்ந்த சுறாத் துடுப்புக்கு 0305.71 என்று தனி எண் உண்டு. கொம்பன் சுறாவானாலும் நீலச் சுறாவானாலும் குட்டியானாலும் தாயானாலும் எல்லாம் அந்த ஒரே எண்ணின் கீழ், கிலோவில்.

ஆகவே என் கோரிக்கை பெரிதல்ல. இறங்குதளத்தில் சுறாவை வெட்டுமுன் இனம், ஆணா பெண்ணா, வால் கவை வரையிலான நீளம் மூன்றையும் எழுதட்டும். ஒவ்வொரு இனத்திலும் சில நூறு உடல்களுக்காவது முதல் முதுகுத் துடுப்பின் அளவுகளையும் சேர்த்து எடுத்து, நம் கடலுக்கான சமன்பாட்டை வெளியிடட்டும். சுங்கச் சோதனையில் மூட்டை பிடிபட்டால் எத்தனை கிலோ என்பதோடு நிறுத்தாமல், முதல் முதுகுத் துடுப்புகளை எண்ணி, அளந்து, எத்தனை சுறா, அவற்றில் குட்டி எத்தனை என்று வழக்குப் பதிவில் எழுதட்டும். இங்கே மீன்வளத் துறையிலும் சுங்கத் துறையிலும் பணியாற்றுபவர்கள் இருக்கிறீர்கள். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த மூட்டையிலேயே தொடங்கலாம்.